கடையில் கிடைக்காத ஸ்டேஷன்: நம்ம ஊர் ரயில் நிலையத்தைக் கையளவில் கட்டி விளக்கேற்றுவது எப்படி?

காலை 7.10 மணி. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் இருந்து ஊட்டி ரயில் கிளம்புகிறது. நீராவி இன்ஜின் பின்னால் நின்று தள்ள, நீலப் பெட்டிகள் மெல்ல நகர்கின்றன. நடைமேடையில் இருக்கிற எல்லா போன்களும் இன்ஜினைத்தான் படம் பிடிக்கின்றன. பின்னால் நிற்கும் ஓட்டுக் கூரையையும், மரத் தூணையும், மஞ்சள் பெயர்ப் பலகையையும் யாரும் கவனிப்பதில்லை.

ரயில் போன பிறகு, 'இதை வீட்டில் ஒரு மேஜை மேல் ஓட விட்டால் எப்படி இருக்கும்?' என்று ஒருவருக்குத் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் தேடினால் குட்டி இன்ஜின் கிடைக்கும், தண்டவாளம் கிடைக்கும். ஸ்டேஷன் என்று தேடினால் ஜெர்மனி கிராமத்து ஸ்டேஷன், இங்கிலாந்து செங்கல் ஸ்டேஷன், சுவிட்சர்லாந்து மர வீடு எல்லாம் பெட்டியில் வரும். தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழியில் கறுப்பு எழுத்து எழுதிய மஞ்சள் பலகையோடு ஒரு கொங்கு நாட்டு ஸ்டேஷனைத் தேடினால் கைக்கு எதுவும் சிக்காது.

அப்புறம் என்ன வழி? நாமே கட்ட வேண்டியதுதான்.

ஸ்கிராட்ச் பில்டிங் என்றால் என்ன?

குட்டி ரயில் பொழுதுபோக்கில் கட்டடங்கள் இரண்டு வகையாக வரும். முதல் வகை கிட். கம்பெனி வெட்டிக் கொடுத்த பாகங்களை ஒட்டினால் போதும். இரண்டாவது வகை ஸ்கிராட்ச் பில்டிங். அட்டை, பிவிசி ஷீட், மரக்குச்சி, கம்பி போன்ற சாதாரணப் பொருட்களில் இருந்து, நிஜக் கட்டடத்தின் அளவைப் பார்த்து ஒவ்வொரு பாகத்தையும் நாமே வெட்டிச் செய்வது.

கோவைக்கு இது அந்நியமான வேலை இல்லை. இங்குள்ள ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுக்கும் தொழிலாளர்கள் காலங்காலமாக இதைத்தான் செய்கிறார்கள். வார்க்க வேண்டிய பொருளை முதலில் மரத்தில் அச்சு அசலாகச் செதுக்குவார்கள். உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால், அதற்கும் கணக்குப் போட்டுக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். அளவு, பொறுமை, கை நேர்த்தி மூன்றும் சேர்ந்த அதே வேலையைத்தான் குட்டி ஸ்டேஷனும் கேட்கிறது.

இப்போதே ஏன் செய்ய வேண்டும்?

இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் மட்டும் இல்லை.

போத்தனூர் - பொள்ளாச்சி பாதை 1915-ல் மீட்டர் கேஜ் பாதையாக வந்தது. அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் மூடப்பட்டு, 2017-ல் புதிய பாதையாகத் திறக்கப்பட்டது. பொள்ளாச்சியில் இருந்து பாலக்காடு, திண்டுக்கல் போகும் பாதைகளும் அப்படியே மாறின. இன்று கொங்குப் பகுதியில் மீட்டர் கேஜ் ரயிலைப் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையத்துக்குத்தான் போக வேண்டும்.

பாதை மாறும்போது தண்டவாளம் மட்டும் மாறுவதில்லை. நடைமேடையின் உயரம் மாறும், பழைய கட்டடம் இடிபடும், கைகாட்டி மரம் போய் மின் விளக்கு சிக்னல் வரும். பயணிகளுக்கு இது தேவையான மாற்றம்தான், அதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சின்ன ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டர் ஜன்னல் எவ்வளவு அகலம், ஓடு எந்தச் சரிவில் இறங்கியது, விளக்கு எந்தத் தூணில் தொங்கியது என்று பிறகு யாராவது கேட்டால் சொல்ல ஆள் இருக்காது.

நீலகிரி மலை ரயில் 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அதற்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. சாதாரண ஊர் ஸ்டேஷனுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதை ஒருவர் டேப் வைத்து அளந்து, வரைந்து, குட்டியாகக் கட்டினால், அந்தக் கட்டடத்தைப் பற்றிய ஒரு துல்லியமான பதிவு குறைந்தபட்சம் ஒரு வீட்டிலாவது மிஞ்சும்.

அளவு: 1 அடிக்கு 3.5 மில்லிமீட்டர்

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது 'ஹெச்ஓ' என்ற அளவு. நிஜத்தில் 87 பங்கில் ஒரு பங்கு, அதாவது 1:87. இந்த விநோதமான எண் எங்கிருந்து வந்தது? நிஜத்தில் 1 அடி என்றால் மாடலில் 3.5 மி.மீ. என்று வைத்ததால் வந்தது.

நமக்கு இது ரொம்ப வசதி. பழைய கட்டடங்கள் எல்லாம் அடிக் கணக்கில் கட்டியவை. அடியை 3.5-ஆல் பெருக்கினால் மாடலின் அளவு மில்லிமீட்டரில் வந்துவிடும்.

- 7 அடி உயரக் கதவு: 24.5 மி.மீ.
- 30 அடி நீளம், 15 அடி அகலமுள்ள சின்ன ஸ்டேஷன்: சுமார் 105 மி.மீ. × 52 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு போன் அளவுதான்.
- ஒன்றரை அடி தடிமனுள்ள பழைய சுவர்: சுமார் 5 மி.மீ. கடையில் விற்கும் 5 மி.மீ. சன்போர்டு அப்படியே பொருந்தும்.
- 170 செ.மீ. உயரமுள்ள ஆள்: 2 செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு.

ஆனால் முழுப் பாதையையும் செய்துவிடலாம் என்று நினைத்தால் கஷ்டம். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரை சுமார் 46 கி.மீ. அதை 87-ஆல் வகுத்தாலும் 500 மீட்டருக்கு மேல் வரும். 326 மீட்டர் உயரத்தில் கிளம்பும் ரயில் 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்தை 1:87-ல் காட்ட ஏழு மாடி உயரக் கட்டடம் வேண்டும். அதனால் ஒரே ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

தண்டவாளத்தில் ஒரு சிக்கல்

ஹெச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இது 1,435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்குப் போட்ட கணக்கு. இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். அதனால் கடையில் வாங்கிய தண்டவாளத்தில் நம்ம ஊர் ரயிலை வைத்தால் பாதை கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. கட்டடத்தையும் பெட்டியையும் 1:100 அளவில் செய்தால், 1,676 மி.மீ. என்பது 16.8 மி.மீ. ஆகிவிடும். 16.5 மி.மீ. தண்டவாளத்துக்கு அது கச்சிதம்.

மீட்டர் கேஜுக்குச் சிக்கல் குறைவு. 1,000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்து மலை ரயில்களின் மாடல்களுக்காக விற்கும் 12 மி.மீ. தண்டவாளம் இதற்குப் பொருந்தும். நீலகிரி ரயிலின் எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள் முதலில் வந்ததே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் இருந்துதான்.

எந்த அளவை எடுத்தாலும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஸ்டேஷன் 1:87-லும் பக்கத்து டீக்கடை 1:100-லும் இருந்தால், காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும்.

ஸ்டேஷனை அளப்பது எப்படி?

நடைமேடை டிக்கெட் எடுத்துக்கொண்டு நடைமேடையில் நின்றே அளக்கலாம். தண்டவாளத்தில் இறங்கக் கூடாது. ஆபத்து ஒருபக்கம் இருக்க, ரயில்வே சட்டத்தின்படி அது குற்றமும்கூட.

டேப் வைத்து அளக்க வேண்டியவை சிலதான்: ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரண்டு தூண்களுக்கு இடையே உள்ள தூரம். மீதியைப் படத்தில் இருந்து கணக்கிடலாம். சுவருக்கு நேர் எதிரே நின்று, போனைச் சாய்க்காமல் படம் எடுக்க வேண்டும். படத்தில் கதவு 40 மி.மீ. உயரம், நிஜத்தில் 7 அடி என்றால், கூரையின் உயரம் விகிதக் கணக்கில் கிடைத்துவிடும்.

எட்டாத உயரத்துக்குச் செங்கல்லை எண்ணலாம். ஒரு வரியின் உயரத்தைக் கீழே அளந்து, மேல் வரை எத்தனை வரி என்று எண்ணிப் பெருக்கினால் போதும். இடிந்துபோன கட்டடமாக இருந்தால் பழைய குடும்ப ஆல்பம் கை கொடுக்கும். படத்தில் தண்டவாளம் தெரிந்தால், அதன் அகலம் ஒரு அளவுகோல். ஆனால் கட்டடம் தண்டவாளத்தைவிடத் தள்ளி நிற்கும் என்பதால் அதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுவர், கூரை, மரம்: எல்லாம் பக்கத்துக் கடையில்

*சுவர்:* சன்போர்டு. கூர்மையான கட்டர், ஸ்டீல் ஸ்கேல் இரண்டும் அவசியம். ஒரே அழுத்தில் வெட்டாமல் நாலைந்து முறை லேசாக இழுத்தால் ஓரம் சுத்தமாக வரும். ஜன்னல் துளைகளை முதலில் வெட்டிவிட்டு, பிறகு சுவரின் வெளி விளிம்பை வெட்டுவது நல்லது.

*கதவு, ஜன்னல் சட்டம்:* பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. தடிமனாகவும் வழவழப்பாகவும் இருக்கும், காசும் இல்லை. கண்ணாடிக்கு, சட்டை வாங்கும்போது வரும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி போதும்.

*சீமை ஓடு:* இதுதான் பொறுமையைச் சோதிக்கும். 1:87-ல் ஒரு ஓடு 5 மி.மீ. நீளம்கூட வராது. ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டாம். அட்டையை நீள நீளப் பட்டைகளாக வெட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஓட்டின் கோடுகளை அழுத்திப் போட்டு, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டலாம். நிஜத்தில் ஓடு மேய்வதும் கீழிருந்துதான். ஒரே சிவப்பு அடித்தால் பொம்மை வீடு மாதிரி ஆகிவிடும். அங்கங்கே கறுத்த ஓடு, மாற்றிப் போட்ட புது ஓடு, பாசி படிந்த ஓரம் இருந்தால்தான் மழை பார்த்த கூரை மாதிரி தெரியும்.

*தரையும் மரமும்:* சலித்த எம்-சாண்ட், காயவைத்த டீத்தூள் சக்கை, பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தேங்காய் மட்டைத் தூள். மண், சருகு, புதர் மூன்றும் இதிலேயே முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: தெர்மாகோல் மேல் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழி விழும். மலைக்குத் தெர்மாகோல் பயன்படுத்தினால் அக்ரிலிக் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் அடிப்பதே பாதுகாப்பு.

விளக்குக்கு முன்னால் ஒரு கேள்வி: இது எந்த வருஷம்?

கட்டடம் முடிந்ததும் நிறையப் பேர் வாங்குவது பளிச்சென்ற வெள்ளை எல்இடி. போட்டவுடன் ஸ்டேஷன் நகைக்கடை மாதிரி ஜொலிக்கும். அத்தனை நாள் உழைப்பும் அங்கே வீண்.

ஒரு கட்டடம் எந்தக் காலத்தில் நிற்கிறது என்பதை முதலில் சொல்வது அதன் வெளிச்சம்தான். மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதை திறந்தது 1899-ல். ரயில் ஊட்டி வரை போனது 1908-ல். கோவையில் மில்கள் பெருகக் காரணமான பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதே 1932-ல்தான். அதற்கு முந்தைய ஸ்டேஷன் என்றால் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு குண்டு பல்பு, அதற்குப் பின் டியூப்லைட், இப்போது எல்இடி.

- *மண்ணெண்ணெய் விளக்கு:* வார்ம் ஒயிட் எல்இடி மேல் ஒரு பொட்டு ஆரஞ்சு கிளாஸ் பெயின்ட். வெளிச்சம் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.
- *குண்டு பல்பு:* 2,700 முதல் 3,000 கெல்வின் வரையுள்ள வார்ம் ஒயிட்.
- *டியூப்லைட்:* 6,500 கெல்வின் கூல் ஒயிட். வரிசையாகச் சின்ன எல்இடி வைத்து, மேலே பால் நிற பிளாஸ்டிக் பட்டை.

கைகாட்டி மரத்தின் விளக்கில் ஒரு சுவாரசியம் உண்டு. பச்சை காட்ட அதில் இருந்தது நீலம் கலந்த கண்ணாடி. பின்னால் எரியும் எண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அதன் வழியே வரும்போது பச்சையாகத் தெரியும். குட்டி சிக்னலிலும் வார்ம் ஒயிட் எல்இடிக்கு முன்னால் நீலப்பச்சை பிளாஸ்டிக் துண்டு வைத்தால், கடையில் வாங்கும் பச்சை எல்இடியைவிட நிஜமாக இருக்கும்.

அதேபோல எல்லா அறையிலும் விளக்கு எரிய வேண்டியதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குச் சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் அறை எரியும், நடைமேடையில் ஒரு விளக்கு எரியும். மீதி இருட்டுதான். அறைகளுக்கு நடுவே தடுப்புச் சுவர் வைத்தால்தான் இது சாத்தியம். அதனால் விளக்கைப் பற்றிய யோசனை சுவர் வெட்டும்போதே வந்துவிட வேண்டும்.

வயரிங்: பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்

மின்சாரத்துக்குப் பழைய வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் டிசி அடாப்டர் போதும். வீட்டு 230 வோல்ட் லைனை மாடலுக்குள் கொண்டுவரவே கூடாது.

எல்இடியை நேராக 12 வோல்ட்டில் கொடுத்தால் எரிந்துபோகும். நடுவில் ரெசிஸ்டர் வேண்டும். வெள்ளை எல்இடி தனக்கு எடுத்துக்கொள்வது சுமார் 3 வோல்ட். மீதி 9 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். வழக்கமாக எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் என்பார்கள். ஆனால் குட்டி அறைக்கு அது ரொம்ப ஜாஸ்தி. 3 மில்லி ஆம்பியரே போதும்.

9 ÷ 0.003 = 3,000 ஓம். கடையில் அதற்குப் பக்கத்தில் கிடைப்பது 3.3 கிலோ ஓம்.

மூன்று எல்இடியை வரிசையாக இணைத்தால் 9 வோல்ட் அதற்கே போய்விடும். மீதி 3 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம். மண்ணெண்ணெய் விளக்கு மங்கலாக எரிய, ஒரே எல்இடிக்கு 10 கிலோ ஓம் அல்லது அதற்கு மேல் போட்டுப் பார்க்கலாம். தனித்தனி எல்இடிகளைப் பக்கவாட்டில் இணைக்கும்போது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போடக் கூடாது. ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று மங்கியும் எரியும்.

கம்பிக்குக் கோவையில் பஞ்சமே இல்லை. சீலிங் ஃபேன் வைண்டிங் செய்யும் கடையில் கிடைக்கும் மெல்லிய எனாமல் செம்புக் கம்பி, நடைமேடை விளக்குக் கம்பத்துக்குள் நுழையும் அளவுக்குச் சன்னமானது. சால்டரிங் வைக்கும் முன் நுனியில் உள்ள எனாமலைச் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் ஒட்டாது. 'எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா எரியல' என்ற பிரச்சினைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதல் முறை நடக்கும் மூன்று தவறுகள்

*சுவரே ஒளிர்வது:* விளக்கைப் போட்டதும் ஜன்னலோடு சேர்ந்து சுவரும் மினுங்கும். உள்பக்கம் முதலில் கறுப்புப் பெயின்ட், அதன் மேல் வெள்ளை அடித்தால் ஒளி கசியாது.

*மூலையில் வெளிச்சக் கோடு:* கூரையும் சுவரும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் கோடாக வெளிச்சம் வரும். உள்ளே கறுப்பு அட்டைப் பட்டை ஒட்டினால் சரியாகும்.

*கூரையை ஒட்டிவிடுவது:* ஒரு எல்இடி போனால் மொத்தக் கட்டடத்தையும் பிய்க்க வேண்டி வரும். கூரையைக் கழற்றும்படி வைப்பது நல்லது.

ஸ்டேஷனுக்கு அடுத்து?

1:87 அளவில் இந்தியாவில் நேரில் பார்க்க விரும்புபவர்கள் புனேயில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் தொடங்கிய மினியேச்சர் வுண்டர்லாண்ட் இதன் உச்சம். அங்கே 15 நிமிடத்துக்கு ஒருமுறை பகல் முடிந்து இரவு வரும், ஊர் முழுக்க ஜன்னல்கள் எரியும்.

கோவைக்காரர்களுக்கு அடுத்த கட்டடம் தேடி அலைய வேண்டியதில்லை. 1888-ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்லில் இருந்து பிறந்த ஊர் இது. ரம்பப் பல் போன்ற கூரையும், நைட் ஷிப்ட்டில் வரிசையாக எரியும் ஜன்னல்களும் கொண்ட ஒரு பஞ்சாலை, தண்டவாளத்தின் ஓரம் அழகாக நிற்கும். அதற்கும் கிட் கிடையாது. பல மில்கள் மூடப்பட்டு, இடமே மாறிவிட்டதால் அளக்கவும் நாள் அதிகம் இல்லை.

கடையில் கிடைக்காததைக் கையால் செய்வது பொழுதுபோக்குக்காரர்களின் வீம்பு மட்டும் இல்லை. நீலகிரியின் பழைய எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள் தேய்ந்துபோனபோது, புதிய இன்ஜின்கள் தேவைப்பட்டன. திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் 2011 முதல் புதிய நீராவி இன்ஜின்களை அங்கேயே கட்டிக் கொடுத்தார்கள். 87-ல் ஒரு பங்காக இல்லை, முழு அளவில்.

அந்த இன்ஜின் இழுத்த ரயில் நின்ற ஸ்டேஷனை, ஒரு சன்போர்டும் கட்டரும் வைத்துக் கட்ட ஒரு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அடுத்த முறை சொந்த ஊருக்குப் போகும்போது, ரயில் வரும்வரை போனைப் பார்ப்பதற்குப் பதில் டிக்கெட் கவுன்ட்டர் ஜன்னலை அளந்துகொண்டு வாருங்கள்.